புடுங்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

பாக்கெட்ல, பேக்ல, சாவிக் கொத்துல... எங்கேயாவது ஒரு பென் டிரைவ் தொங்கிக்கிட்டு இருக்கும் இல்லையா? அதைக் கொஞ்சம் வெளியே எடுங்க. மூடியைக் கழட்டிட்டு, வெளிச்சத்துப் பக்கமா திருப்பி, அந்தத் தகரக் கூட்டுக்குள்ளே எட்டிப் பாருங்க. தங்க நிறத்துல நாலு பட்டை தெரியுதா? நாலும் ஒரே நீளமா?

இல்லை! ஓரத்துல இருக்கிற ரெண்டும் வாசல் பக்கம் நீண்டிருக்கும். நடுவுல இருக்கிற ரெண்டும் சுமார் 1 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி நிற்கும். தயாரிச்சவங்க அளவு தப்பா வெட்டிட்டாங்கன்னு நினைச்சுடாதீங்க. 1996 ஜனவரியில் யு.எஸ்.பி.யின் முதல் பதிப்பு வந்த நாளிலிருந்தே அப்படித்தான். (இன்டெல் கம்பெனியில் அந்த வேலையை முன்னின்று நடத்திய அஜய் பட், நம்ம வதோதராவில் இன்ஜினீயரிங் படித்தவர். காலரைத் தூக்கி விட்டுக்குங்க!)

ஓரத்து ரெண்டு பட்டையும் கரன்ட்டுக்கு. ஒண்ணு 5 வோல்ட், இன்னொண்ணு கிரவுண்டு. நடுவுல ரெண்டும் டேட்டாவுக்கு. நீங்க சொருகும்போது முதல்ல கரன்ட் தொடும், அப்புறம்தான் டேட்டா தொடும். உருவும்போது தலைகீழ். முதல்ல டேட்டா விலகும், கடைசியாத்தான் கரன்ட் விலகும். நீங்க சட்டுனு சொருகினாலும் சரி, சோம்பேறித்தனமா சொருகினாலும் சரி, இந்த வரிசை மாறவே மாறாது. ஏன்னா அது சாஃப்ட்வேர்ல இல்லை, பட்டையோட நீளத்துல இருக்கு.

மூணு வருஷமா இ.சி.இ. படிக்கிறேன். நூற்றுக்கணக்கான தடவை பென் டிரைவைச் சொருகி இருக்கேன். ஒரு தடவைகூட இதைக் கவனிச்சதில்லை. வாலாஜாபேட்டையில் ஒரு டேனரி மெஷினோட கார்டை நான் கொன்ன அன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

பெயர்ப்பலகை இல்லாத கடை

வாலாஜாபேட்டைன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பட்டுத் தறி, பெங்களூரு ஹைவே, 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்துல கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் ரயில் வந்து நின்ற வாலாஜா ரோடு ஸ்டேஷன்... இது எல்லாம் குவிஸ் கேள்விக்கு. எங்க ஏரியாக்காரங்களைக் கேட்டா முதல்ல மூக்கைத்தான் தொட்டுக் காட்டுவாங்க. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடின்னு பாலாத்தங்கரை நெடுக டேனரிகள். 2019-ல் ராணிப்பேட்டை தனி மாவட்டமாப் பிரிஞ்சது, வாலாஜாவும் அதுக்குள்ளே போயிடுச்சு. வாசனை மட்டும் எந்த மாவட்டத்துக்கும் பிரிச்சுக் கொடுக்கப்படலை!

லீவுல சும்மா இருக்க வேண்டாமேன்னு, பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சந்துல ஒரு சர்வீஸ் கடையில போய் உட்கார்ந்தேன். பெயர்ப்பலகை கிடையாது. டேனரிகள்ல, ஷூ கம்பெனிகள்ல ஓடுற மெஷின்களோட எலக்ட்ரானிக் கார்டுகளை ரிப்பேர் பண்ற கடை. கடைக்கார அண்ணன் ஐ.டி.ஐ. படிச்சவர். சாலிடரிங் அயர்னை நாம பேனா பிடிக்கிற மாதிரி பிடிப்பார். முதல் நாளே என்னை மேலும் கீழும் பார்த்துட்டு, "இன்னா தம்பி, காலேஜ்ல ஓம்ஸ் லா சொல்லிக் குடுத்துக்கிறாங்களா?"ன்னு கேட்டார். "ஸ்கூல்லயே படிச்சாச்சுண்ணா"ன்னேன், கொஞ்சம் கெத்தா. "சரி, பார்க்கலாம்"னு மட்டும் சொன்னார்.

ரெண்டு நாள்லயே பார்த்துட்டார்.

5 வோல்ட் எங்கே போச்சு?

பதப்படுத்திய தோலை எடை போட்டு விற்க மாட்டாங்க, பரப்பளவு பார்த்து விற்பாங்க. சதுர அடிக்கு இவ்வளவுன்னு விலை. ஆனா ஒரு ஆட்டுத் தோல் நம்ம கணக்கு நோட்டுல வர்ற செவ்வகம் மாதிரியா இருக்கும்? நாலு கால், ஒரு கழுத்து, ஓரமெல்லாம் வளைவு நெளிவு. அதனால அளக்கிறதுக்குன்னே ஒரு மெஷின் உண்டு. தோலை விரிச்சு விட்டா அது நகர்ந்து போகும். வரிசையா இருக்கிற சென்சார்கள் எங்கெல்லாம் தோல் மறைக்குதோ அதை எண்ணி, கூட்டி, சதுர அடியைக் காட்டும். அந்த எண்ணிக்கைதான் பில். அது தப்பானா விற்கிறவருக்கோ வாங்குறவருக்கோ நேரடி நஷ்டம்.

நாங்க போன டேனரியில் (பேர் வேண்டாமே!) அந்த மெஷின் பழசு. கன்ட்ரோல் பெட்டியைத் திறந்தா, புத்தக அலமாரி மாதிரி வரிசையா கார்டுகள் நிக்குது. ஒவ்வொண்ணும் பின்னாடி இருக்கிற ஒரு பெரிய போர்டுல சொருகி இருக்கு. அந்தப் பெரிய போர்டுக்குப் பேர் பேக் பிளேன். கார்டுகளுக்குக் கரன்ட்டும் அது வழியாத்தான், சிக்னலும் அது வழியாத்தான். எங்க ஊர்ல எல்லாரும் 'யூரோ கனெக்டர்'னு சொல்ற வகை. 32 பின் வீதம் மூணு வரிசை, மொத்தம் 96 பின்.

கம்ப்ளெய்ன்ட் என்னன்னா, காலையில ஒழுங்கா ஓடுது, வெயில் ஏற ஏற தன்னால ரீசெட் ஆகுது. பவர் சப்ளை வீக்கா இருக்கும்னு முடிவு பண்ணிட்டேன். மல்டி மீட்டரை எடுத்து சப்ளை அவுட்புட்டுல வெச்சேன். 5.01 வோல்ட். பாறை மாதிரி நிக்குது! "சப்ளை ஓகேண்ணா, சி.பி.யு. கார்டுதான் போயிருக்கும்"னு தீர்ப்பு சொல்லிட்டேன்.

அண்ணன் ஒண்ணும் பேசலை. மீட்டர் முனைகளை வாங்கினார். கார்டு மேலே இருந்த ஒரு 14 பின் ஐ.சி.யோட 7-வது பின்னுலயும் 14-வது பின்னுலயும் வெச்சார். நம்ம லேப்ல மனப்பாடம் பண்ணினோமே, 7 கிரவுண்டு, 14 வி.சி.சி.ன்னு, அதே தான். மீட்டர் காட்டினது 4.6.

சப்ளையில 5. ஒரு முழம் தள்ளி கார்டுல 4.6. நடுவுல 0.4 வோல்ட்டை யார் சாப்பிட்டது?

பேப்பரை எடுங்க, கணக்குப் போடுவோம். அந்தக் கார்டு இழுக்கிற கரன்ட் சுமார் 2 ஆம்பியர். நல்ல கனெக்டர் பின்னுக்கு 0.01, 0.02 ஓம்தான் ரெசிஸ்டன்ஸ் இருக்கும். அதுல அழுக்கு ஏறி 0.1 ஓம் ஆயிடுச்சுன்னு வெச்சுக்குங்க. நம்ம சாதா மீட்டர்ல ஓம் பார்த்தா அது 'ஷார்ட்'னு பீப் அடிச்சுட்டுப் போயிடும், தப்பே தெரியாது. ஆனா 5 வோல்ட் போற வழியில 0.1, கிரவுண்டு திரும்பி வர்ற வழியில 0.1, மொத்தம் 0.2 ஓம். 2 ஆம்பியரால பெருக்கினா 0.4 வோல்ட். அவ்வளவுதான்! பழைய டி.டி.எல். ஐ.சி.களுக்கு 5 வோல்ட்டுல 5 சதவீதம்தான் சலுகை. 4.75-க்குக் கீழே போனா அது எப்போ என்ன செய்யும்னு அதுக்கே தெரியாது. வெயில் ஏறினா ஏன் மோசமாகுது? பின்னோட ஸ்பிரிங் அழுத்தம், உலோகம் விரியறது, கனெக்டர் சூடு எல்லாம் சேர்ந்து தள்ளாட வைக்குது.

"ஸ்கூல்லயே படிச்சாச்சா?"ன்னு மட்டும் கேட்டார் அண்ணன்.

இங்கே ஒரு கோபத்தைச் சொல்லிடறேன். நாம போடற சர்க்யூட் டயகிராம்ல வி.சி.சி.ன்னா ஒரு அம்புக்குறி. மேலே பார்த்த மாதிரி ஒரு கோடு, பக்கத்துல '5 வோல்ட்'. ஏதோ ஆகாயத்துல இருந்து இறங்கி வர்ற மாதிரி! நிஜத்துல அது சப்ளையில் பிறந்து, ஒயர்ல நடந்து, ஒரு ஊசி அளவு உலோகம் இன்னொரு ஊசி அளவு உலோகத்தைத் தொடற இடத்துல தாண்டிக் குதிச்சுத்தான் கார்டுக்கு வருது. அந்த இடம் எந்தப் பாடப் புத்தகப் படத்துலயும் வரலை. நான் பார்த்த ரிப்பேர்கள்ல பாதிக்கு மேலே அங்கேதான் இருந்தது.

கறுக்கிற செம்பு

சரி, பின்னுல அழுக்கு எப்படி வந்தது? தூசின்னுதான் நானும் நினைச்சேன். அண்ணன் கனெக்டரைக் கழட்டி லென்ஸ் வெச்சுக் காட்டினார். பின்னோட ஓரங்கள்ல கறுப்பா ஒரு படலம். எங்க வீட்டு வெள்ளிக் கொலுசு கறுக்குமே, அதே கறுப்பு.

ஒரு சின்ன கெமிஸ்ட்ரி, பயப்படாதீங்க. தோல்ல இருந்து முடியை எடுக்க சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்த்து ஊற வைப்பாங்க. பிறகு குரோம் ஏத்துறதுக்கு முன்னாடி அதே தோலை ஆசிட்ல பிக்லிங் பண்ணுவாங்க. சல்ஃபைடும் ஆசிட்டும் எங்கேயாவது சந்திச்சா, டிரம்லயோ கால்வாய்லயோ, ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். அழுகின முட்டை வாசனை. காத்தைவிட கனமானதால குழியில தங்கும். அளவு கூடினா மூக்கே மரத்துப் போய் வாசனை தெரியாம போகும், அதுதான் அதோட கொடூரம். கழிவுத் தொட்டியில் இறங்கினவங்க விஷவாயு தாக்கி இறந்ததா நம்ம பக்கத்துப் பேப்பர்ல படிச்சிருப்பீங்களே, அதுல முக்கியமான வில்லன் இதுதான்.

மனுஷனைக் கொல்றதுக்கு ரொம்பக் கீழே இருக்கிற அளவுலயே இது செம்பையும் வெள்ளியையும் தின்ன ஆரம்பிச்சுடும். அதுக்குத்தான் நல்ல கனெக்டர்ல பின்னுக்குத் தங்க முலாம். தங்கத்துக்கும் கந்தகத்துக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. ஆனா தங்கம் என்ன விலை விக்குது? அதனால கஞ்சத்தனம்! தொழிற்சாலைக்கான நல்ல கனெக்டர்ல, அடியில் நிக்கலும் அதுக்கு மேலே சுமார் 0.76 மைக்ரான் தங்கமும் இருக்கும். மலிவுச் சரக்குல 0.1 மைக்ரான்கூட இருக்காது. அவ்வளவு மெல்லிசா பூசினா ஊசித் துவாரங்கள் விழும். அந்தத் துவாரம் வழியா வாயு உள்ளே போய் அடியில் இருக்கிற செம்பைக் கறுக்க வெச்சு, அந்தக் கறுப்பு மேலே ஏறி வந்து தங்கத்து மேல படரும். பார்க்கிறதுக்குத் தங்கம், தொட்டா அழுக்கு!

ஏதோ எங்க ஊர்ப் பிரச்சினைன்னு நினைக்காதீங்க. கருவிகள் இருக்கிற அறையோட காத்து எவ்வளவு அரிக்கும்னு பார்க்க 1985-லயே அமெரிக்காவுல ஒரு தர அளவு கொண்டு வந்தாங்க. டெஸ்ட் ரொம்ப சிம்பிள். சுத்தமான செம்புத் தகட்டை அறையில ஒரு மாசம் தொங்க விடணும். 300 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறைவா அரிச்சிருந்தா அறை நல்ல அறை. 2,000-ஐத் தாண்டினா அந்த அறையில எலக்ட்ரானிக்ஸ் வைக்கவே யோசிக்கணும். 2006 ஜூலையில ஐரோப்பா சாலிடர்ல ஈயத்தைத் தடை பண்ணினதும், பல கம்பெனிகள் போர்டுக்கு வெள்ளிப் பூச்சுக்கு மாறினாங்க. உடனே பேப்பர் மில், டயர் ஃபேக்டரி மாதிரி கந்தகக் காத்து இருக்கிற இடங்கள்ல கம்ப்யூட்டர்கள் வரிசையா படுத்துடுச்சு. அதுல பெரிய காமெடி, கார் டிசைன் ஸ்டுடியோக்கள். அங்கே கார் மாடல் செய்யற களிமண்ணுல கந்தகம்! ஏ.சி. ரூம்ல இருந்த கம்ப்யூட்டரும் அவுட்.

நம்ம மெஷின் பெட்டிக்கு வருவோம். பின்பக்கம் ஒரு ஃபேன், ஃபில்டர் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் டிரம் யார்டு. சூட்டைக் குறைக்க வெச்ச ஃபேன், அந்தக் காத்தை இழுத்து நேரா கனெக்டர் மேலேயே அடிச்சுக்கிட்டு இருந்திருக்கு. டிரம் சுத்தற அதிர்வுல பின்கள் இமைக்கும் அளவுக்கு அசையறது வேற. முடியோட அகலத்துக்கும் குறைவான அசைவுதான். ஆனா ஒவ்வொரு அசைவுக்கும் புதுசா கொஞ்சம் உலோகம் வெளியே வரும், அது அரிக்கும், அந்தத் தூள் நடுவுலயே தங்கும்.

நான் பண்ணின கொலை

கனெக்டரைத் துடைச்சோம், பெட்டி ஓடுச்சு, 4.93 காட்டுச்சு. கதை இங்கேயே முடிஞ்சிருக்கலாம். முடிய விட்டேனா?

பக்கத்துல இருந்த சென்சார் கார்டையும் துடைச்சுடலாம்னு ஆர்வக் கோளாறு. அண்ணன் டீ குடிக்க வெளியே போயிருந்தார். மெஷின் ஆன்ல இருந்தது. ஒரே ஒரு நிமிஷம் தானேன்னு கார்டைப் புடுங்கினேன், துடைச்சேன், திரும்பச் சொருகினேன். நேரா போகலை, ஒரு பக்கமா சாய்ஞ்சு போச்சு. அழுத்தினேன். சின்னதா ஒரு வாசனை. டேனரி வாசனை இல்லை.

"இன்னாபா, கரன்ட் இருக்கும்போதே புடுங்கிட்டியா?"

அண்ணன் திட்டலை. அதுதான் ரொம்ப வலிச்சது. நடந்தது என்னன்னு அன்னிக்கு ராத்திரி கார்டைப் பிரிச்சு வெச்சுக்கிட்டே சொன்னார். அந்தக் கனெக்டர்ல 5 வோல்ட் பின்கள் ஒரு கோடியில இருக்கு. நான் சாய்ச்சுச் சொருகினதுல மறுகோடி முதல்ல தொட்டுடுச்சு. அதாவது, ஐ.சி.க்கு இன்னும் சாப்பாடே வரலை, அதுக்குள்ளே சிக்னல் கால்கள்ல மத்த கார்டுகளோட வோல்ட்டேஜ் வந்து நிக்குது. சிக்னல் கால் வழியா, பாதுகாப்புக்கு உள்ளே வெச்சிருக்கிற டயோடு வழியா, கரன்ட் தப்பான பாதையில நுழையும். சீமாஸ் ஐ.சி.யா இருந்தா, உள்ளே வேண்டாத ஒரு சுவிட்ச் ஆன் ஆகி, சப்ளையும் கிரவுண்டும் நேரா ஒட்டிக்கும். லாட்ச் அப்! நாலு மார்க் கேள்வி, நான் எழுதி மார்க் வாங்கின கேள்வி. என் விரல்ல அது சூடா பட்டப்பத்தான் அர்த்தம் புரிஞ்சது.

இன்னொரு ஆபத்தும் இருக்கு. கல்யாணத்துல பந்தி அமைதியா ஓடிக்கிட்டு இருக்கும். திடீர்னு ஒரு பஸ் நிறைய மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க இறங்கினா என்னாகும்? சாம்பார் வாளி அத்தனையும் அங்கே ஓடும், ஏற்கெனவே உட்கார்ந்தவங்க இலை காயும். கார்டுல இருக்கிற கெபாசிட்டர்கள் காலியா இருக்கும்போது ஓடற பேக் பிளேன்ல சொருகினா இதே கதை. ஒரு நொடியில பெரிய கரன்ட் அங்கே பாயும், பக்கத்துக் கார்டுகளோட 5 வோல்ட் தடுக்கி விழும், அதுங்க ரீசெட் ஆகும்.

அன்னிக்கு மெஷின் நின்னதுல எட்டு பேர் வேலை இல்லாம சுவர்ல சாய்ஞ்சு உட்கார்ந்திருந்தாங்க. அளந்து முடிச்சாத்தான் கட்டு கட்ட முடியும், கட்டு கட்டினாத்தான் லாரி ஏத்த முடியும். லாரி டிரைவர் மூணு தடவை எட்டிப் பார்த்துட்டுப் போனார். அதுல ஒரு அக்கா என்னைப் பார்த்து, "எப்பபா ரெடியாவும்? புள்ளைங்க வூட்ல தனியா இருக்குதுங்க"ன்னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்லை. கடையில இருந்த காயலாங்கடைச் சரக்குல அதே நம்பர் ஐ.சி.யைத் தேடிக் கண்டுபிடிச்சு, அண்ணன் பிடுங்கி மாத்தி முடிக்கும்போது ராத்திரி 2 மணி.

சரியா தொட ஒரு வரிசை

அந்தக் காயலாங்கடைச் சரக்குல ஒரு பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கார்டும் இருந்தது. அதைப் பத்திச் சொல்லாம இருக்க முடியாது. 1984 ஆகஸ்ட்ல மத்திய அரசு சி-டாட் ஆரம்பிச்சது. சாம் பிட்ரோடா பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. 1986-ல கர்நாடகாவுல கிட்டூர்ங்கிற ஊர்ல அவங்களோட முதல் கிராமத்து எக்ஸ்சேஞ்ச் ஓட ஆரம்பிச்சது, 128 லைன். வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச்கள் ஏ.சி. இல்லாட்டி மயக்கம் போட்டு விழுந்த காலத்துல, நம்ம ஊர்ப் புழுதியிலயும் சூட்டிலயும் ஏ.சி. இல்லாம ஓடணும்னே டிசைன் பண்ணின பெட்டி அது. உள்ளே இதே அலமாரிக் கணக்குதான். 48 வோல்ட் பேட்டரி, அதுல இருந்து 5 வோல்ட் எடுத்துக் கொடுக்கிற பவர் கார்டு. அந்தப் பவர் கார்டும் சொருகுற கார்டுதான்! டெலிபோன்காரங்க பாஷையில கார்டு சொருகுறதுக்கு 'ஜாக் இன்', உருவுறதுக்கு 'ஜாக் அவுட்'. மணிக்கட்டுல எர்த் பட்டை கட்டாம கார்டைத் தொட்டா பெரியவங்க கையிலயே அடிப்பாங்களாம்.

போகிற போக்குல ஒரு தகவல். அந்த 48 வோல்ட்ல பாசிட்டிவைத்தான் எர்த் பண்ணுவாங்க, நம்ம லேப் பழக்கத்துக்கு நேர் எதிர். ஏன் தெரியுமா? ஈர மண்ணுக்குள்ளே போற செம்புக் கம்பி நெகட்டிவா இருந்தா அரிப்பு குறையும். கரன்ட் எடுத்துட்டுப் போற உலோகம் அரிக்கும்ங்கிற கவலை, டெலிபோன்காரங்களுக்கு நமக்கு ரொம்ப முன்னாடியே வந்தாச்சு.

எக்ஸ்சேஞ்சை நிறுத்திட்டு கார்டு மாத்த முடியாது, ஊர் பேசிக்கிட்டு இருக்குமே! ஓடும்போதே மாத்த வழி வேணும். அதுக்கு உலகம் கண்டுபிடிச்ச விடைதான் நீங்க பென் டிரைவ்ல பார்த்த நீளப் பின். 1990-கள்ல காம்பாக்ட் பி.சி.ஐ.ன்னு ஒரு கார்டு முறை வந்தது, டெலிகாம்ல நிறைய ஓடுச்சு. அதுல மூணு நீளம். ரொம்ப நீளமான பின்கள் கிரவுண்டுக்கும் முதல் கட்டக் கரன்ட்டுக்கும். நடுத்தர நீளம் சிக்னலுக்கு. எல்லாத்தையும் விடக் குட்டியா ஒரே ஒரு பின், அது கடைசியா தொட்டதும்தான் "ஐயா, நான் முழுசா உட்கார்ந்துட்டேன், இலை போடலாம்"னு சொல்லும். அதுக்கப்புறம்தான் கார்டு முழு பவரை எடுக்கும். உருவும்போது அந்தக் குட்டிப் பின்தான் முதல்ல விலகும், பவர் உடனே கட். உங்க கம்ப்யூட்டர்ல சாட்டா ஹார்ட் டிஸ்க் பவர் கனெக்டரைப் பாருங்க, அங்கேயும் நீளம் மாறி மாறி இருக்கும்.

இந்தக் குட்டிப் பின்னை மதிக்காததால கோடிக்கணக்கில சம்பாதிக்கிற கம்பெனியே வழுக்கி விழுந்தது, அதுவும் சமீபத்துல. கேம் பைத்தியங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 2022 அக்டோபர்ல என்விடியாவோட ஆர்.டி.எக்ஸ். 4090 கிராபிக்ஸ் கார்டு வந்த சில நாள்லயே, பவர் கனெக்டர் உருகிப் போன போட்டோக்கள் குவிஞ்சது. 12 வோல்ட்ல 600 வாட் வரைக்கும் தாங்கணும்னு போட்ட கனெக்டர் அது. அப்படீன்னா 50 ஆம்பியர், ஆறு பின்னுக்குப் பிரிச்சா ஒரு பின்னுக்கு 8.3. பழைய 8 பின் கனெக்டர்ல 150 வாட்டுக்கு மூணு பின், அதாவது ஒரு பின்னுக்கு 4.2 தான். இப்போ நம்ம டேனரிக் கணக்கையே போடுங்க. 0.005 ஓம் கான்டாக்ட்னா ஒரு பின்னுல 0.35 வாட் சூடு, பரவாயில்லை. சரியா உட்காராம 0.05 ஓம் ஆச்சுன்னா 3.5 வாட், ஒரு ஊசி முனையில! பிளாஸ்டிக் என்ன செய்யும் பாவம். முழுசா அழுத்திச் சொருகாததுதான் பொதுவான காரணம்னு கம்பெனி சொல்லுச்சு. "யூசர் தப்பு"ன்னு ஃபைலை மூடறது சுலபம். ஆனா பாதி சொருகினாலே முழுக் கரன்ட் பாய விடற கனெக்டரை வரைஞ்சது யூசரா? 2023-ல வந்த திருத்தின வடிவத்துல என்ன மாத்தினாங்க தெரியுமா? பவர் பின்னைக் கொஞ்சம் நீளமாக்கி, தகவல் சொல்ற சென்ஸ் பின்களைக் குட்டியாக்கினாங்க. முழுசா உட்காராட்டி கார்டு பவர் எடுக்காது. பழைய ட்ரிக்!

உங்க ஹாஸ்டல் ரூமுக்கு

கம்ப்யூட்டர் ஆன் ஆகலைன்னா நாம என்ன செய்வோம்? ரேமைக் கழட்டி, அழி ரப்பர் வெச்சுத் தேய்ச்சு, திரும்பப் போடுவோம். ஆயிரம் பேருக்கு அது வேலை செஞ்சிருக்கு, எனக்கும். ஆனா ரப்பர்ல இருக்கிற பொடி ஒரு உப்புத்தாள் மாதிரி. ஒவ்வொரு தடவையும் அந்த மைக்ரான் கணக்குத் தங்கத்தைச் சுரண்டும், துகளை ஸ்லாட்டுக்குள்ளே விட்டுட்டுப் போகும். அண்ணன் கடையில ரப்பர் கிடையாது. ஐ.பி.ஏ. திரவம், பஞ்சு இல்லாத துணி, ஒரே திசையில துடைப்பு, அவ்வளவுதான். பாதி நேரம் கழட்டி மாட்டுறதே போதும். பின் உரசும்போது மேல் படலம் தானா கிழிஞ்சுடும், புண்ணியம் ரப்பருக்குப் போகுது!

அதைவிட முக்கியம், 'ஷட் டவுன் பண்ணிட்டேனே'ன்னு ரேமைப் புடுங்காதீங்க. ஷட் டவுன் பண்ணினாலும், பிளக் சுவர்ல இருக்கிற வரைக்கும் மதர் போர்டுல 5 வோல்ட் ஸ்டாண்ட் பை உயிரோடத்தான் இருக்கும். சுவர் சுவிட்சை அணைச்சு, பிளக்கை உருவி, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்சக் கரன்ட்டை வடிய விட்டு, அப்புறம் கையை வைங்க. டெஸ்க் டாப் ரேமுக்கும் சாதா கிராபிக்ஸ் கார்டுக்கும் ஓடும்போதே கழட்டுற வசதி கிடையாது.

லீவு முடியறதுக்கு முன்னாடி அந்த டேனரிக்கு இன்னொரு தடவை போனோம். அண்ணன் பெட்டியோட ஃபேன் ஓட்டையை அடைச்சு, மூடிக்கு ரப்பர் பீடிங் ஒட்டி, சூடு வெளியேற பெட்டிச் சுவர்லயே ஒரு அலுமினிய ஃபின் மாட்டினார். நான் என் பங்குக்கு லேப்ல இருந்து சுட்ட செம்பு போர்டை ரெண்டு துண்டா வெட்டி, நல்லா தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கி, ஒண்ணைப் பெட்டிக்குள்ளேயும் ஒண்ணை வெளியே சுவர் ஆணியிலயும் கட்டித் தொங்க விட்டேன்.

அன்னிக்கு ராத்திரி என்னைக் கேள்வி கேட்ட அக்கா கட்டு கட்டிக்கிட்டே திரும்பிப் பார்த்து, "இது இன்னாத்துக்குபா, திருஷ்டிக்கா?"ன்னாங்க.

ஒரு வாரத்துல அண்ணன் போன் பண்ணினார். வெளித் துண்டு காப்பிக் கலருக்கு வந்துடுச்சாம். உள்ளே இருக்கிறதை ஒரு மாசம் முடியற வரைக்கும் திறக்கவே மாட்டேன்னுட்டார். செமஸ்டர் லேப் எக்ஸாம் முடிஞ்ச சனிக்கிழமை கிளம்பறேன்.